தொப்புள்கொடித் துண்டுகள் ஒட்டாமல் மிதக்குது, மிச்சம் பங்கசு பிடிக்குது: வார்ட்டன் ஜெலி கலவளர்ப்பு

பாலைநிழல்

வணக்கம். கிளிநொச்சியில ஒரு சின்ன ஆய்வுகூடத்தில, மனிதத் தொப்புள்கொடியின்ர வார்ட்டன் ஜெலியில (கொடியின்ர இரத்தக்குழாய்களைச் சுத்தியிருக்கிற வழுவழுப்பான இழையம்) இருந்து மெசன்கைமல் ஸ்டெம் செல் (எலும்பு, கொழுப்பு, கசியிழையமா மாறக்கூடிய மூலக்கலம்) வளர்க்கப் பாக்கிறம். நெறிமுறைக் குழுவின்ர அனுமதி, ஆஸ்பத்திரி அனுமதி, தாய்மாரின்ர எழுத்துச் சம்மதம் எல்லாம் கையில இருக்கு. கலம்தான் வரேல்லை.

இப்ப செய்யிற முறை இதுதான். சிசேரியன் பிரசவத்தில கிடைக்கிற கொடியில 15 செ.மீ. அளவு வெட்டி, கிருமிநீக்கின பிபிஎஸ் (பொஸ்பேற்று உப்புக் கரைசல்) போத்தலில போட்டு ஐஸ் பெட்டியில கொண்டுவாறம். வவுனியாவில இருந்து எண்டால் காத்திருப்பையும் சேர்த்து நாலு அஞ்சு மணித்தியாலம் ஆகும். 70% அல்ககோலில ஒருக்காத் தோய்ச்சு, பிபிஎஸ்ஸில கழுவி, இரத்தக்குழாய்களை எடுத்திட்டு 5 மி.மீ. துண்டுகளா வெட்டி ரி25 பிளாஸ்கில (25 சதுர செ.மீ. தரை உள்ளது) போடுறம். மேல 5 மி.லீ. ஊடகம் (கலத்துக்கான சத்துக் கரைசல்): கூடின குளுக்கோஸ் டிஎம்ஈஎம், 10% கன்றுச் சீரம், 1% பெனிசிலின்-ஸ்ரெப்ரோமைசின். 37 பாகை, 5% காபனீரொட்சைட்டு.

நடக்கிறது:

1. அரைவாசித் துண்டுக்கு மேல மிதக்குது. ஒட்டினது மாதிரி இருக்கிறதும் நுணுக்குக்காட்டியில பாக்கக் கொண்டுபோகேக்க கழண்டிடுது.

2. சில பிளாஸ்க் மூண்டாம் நாளே கலங்கிப்போகுது. சிலதில ஆறாம் நாள் மட்டில வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒண்டு.

3. ஒண்டில மட்டும் கலம் வந்தது. ஆனா நீட்டுக் கலம் இல்லை. தரைக்கு ஓடு பதிச்ச மாதிரி நெருங்கின வட்டக் கலங்கள். கொஞ்சம் பரவிப்போட்டு நிண்டிட்டுது.

4. காலமை பாத்தால் ஊடகம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறி இருக்கு, அதுவும் இரவில கறண்ட் போன நாள்களில.

கொலாஜினேஸ் நொதியம் போட்டு இழையத்தைக் கரைச்சுக் கலத்தை எடுக்கிற முறைக்கு மாறுறது நல்லதோ? கன்றுச் சீரத்துக்குப் பதிலா வேற ஏதும் பாவிக்கலாமோ? கலம் வந்தால் அது உண்மையிலேயே மெசன்கைமல் கலம்தான் எண்டு பாயக் கலமானி (கலத்தின்ர மேற்பரப்பு அடையாளங்களை அளக்கிற கருவி) இல்லாமல் எப்பிடிச் சொல்லுறது?

—

கனகராயன்

மிதக்கிறதுக்குக் காரணம் உங்கட 5 மி.மீ.யும் 5 மி.லீ.யும்தான். பெரிய துண்டு, அதுக்கு மேல ஆழத் தண்ணி. வார்ட்டன் ஜெலி தண்ணியை உறிஞ்சி ஊதுற சாமான், அது மிதக்காமல் என்ன செய்யும்.

துண்டு 1 தொடக்கம் 2 மி.மீ., மிஞ்சினால் 3. கத்தரிக்கோலால நறுக்காதேங்கோ, ஓரம் நசிஞ்சு சாகும், கலம் வெளிய வாறதே அந்த ஓரத்தாலதான். இரண்டு ஸ்கல்பெல் அலகை எதிரெதிராப் பிடிச்சு இழுத்து வெட்டுங்கோ. வெட்டேக்க காயாமல் இருக்க சில துளி பிபிஎஸ் காணும்.

பிளாஸ்கை விட்டிட்டு 10 செ.மீ. பெற்றித் தட்டோ ஆறு குழித் தட்டோ எடுங்கோ. பிளாஸ்கின்ர கழுத்துக்குள்ளால இடுக்கியை விட்டுத் துண்டு வைக்கிறது கஷ்டம், கழுத்தில முட்டினால் கிருமியும் வந்திடும். தட்டின்ர தரையில ஸ்கல்பெல் நுனியால குறுக்கும் நெடுக்கும் லேசாக் கீறி, கீறல் வெட்டுற இடத்தில துண்டை வைச்சு மெல்ல அமத்துங்கோ. கீறின பிளாஸ்திக் துண்டைப் பிடிச்சு வைச்சிருக்கும். 10 செ.மீ. தட்டுக்கு 15–20 துண்டு, துண்டுக்குத் துண்டு ஒரு செ.மீ. இடைவெளி.

இனித்தான் முக்கியமான வேலை: ஊடகம் ஊத்தாமல் மூடியைப் போட்டு 10–15 நிமிடம் விடுங்கோ. துண்டு தன்ர ஈரத்தாலயே தரையில ஒட்டவேணும். வன்னி வெக்கையில, ஏசியும் கபினெற் காத்தும் ஓடுற அறையில மூடி திறந்து கிடந்தால் அஞ்சு நிமிடத்திலயே ஓரம் கண்ணாடி மாதிரி மினுங்கத் தொடங்கும். மினுங்கினால் அது செத்துப்போச்சு. ஈரப்பதன் உள்ள இன்குபேட்டருக்குள்ள மூடியோட வைச்சால் 30 நிமிடம் வரைக்கும் தாங்கும், எனக்கு அதுதான் பிடிப்பு.

பிறகு ஊடகத்தைத் தட்டின்ர சுவரோரமாத் துளித்துளியா விடுங்கோ. 10 செ.மீ. தட்டுக்கு 4–5 மி.லீ., ரி25 எண்டால் ஒரு மி.லீ., கூடினால் ஒண்டரை. துண்டு நனைஞ்சு மேல ஒரு மெல்லிய படலம் இருந்தால் போதும், அந்தப் படலத்தின்ர பரப்பிழுவையே துண்டைக் கீழ அமத்தி வைச்சிருக்கும். அடுத்த நாள் பின்னேரம் இன்னும் 2–3 மி.லீ. சேருங்கோ.

அதுக்குப் பிறகு தொடாதேங்கோ. நாளும் எடுத்துப் பாக்கிறதை முதல்ல நிப்பாட்டுங்கோ. அஞ்சாம் நாள் வரைக்கும் இன்குபேட்டர் தட்டை அசைக்கக் கூடாது. கலங்கினது தெரியவேணும் எண்டால் கதவைத் திறந்து வெறுங்கண்ணால பாத்தால் காணும். அஞ்சாம் நாள் அரைவாசி ஊடகத்தை மாத்துங்கோ, பிறகு மூண்டு நாளுக்கொருக்கா. முதல் நீட்டுக் கலங்கள் 7 தொடக்கம் 10 நாளில துண்டின்ர ஓரத்தில இருந்து கதிர் மாதிரி வெளிக்கிடும். பன்னிரண்டு நாளாகியும் ஒண்டும் இல்லாத துண்டை எடுத்தெறியுங்கோ. நல்லாக் கலம் விடுற துண்டை இரண்டு கிழமையில எடுத்து இன்னொரு புதுத் தட்டில வைச்சால் அங்கயும் திரும்ப விடும். மிதக்கிற துண்டும் செத்ததில்லை, அதையும் புதுத் தட்டில உலர வைச்சு ஒட்டப் பாருங்கோ.

உங்கட மூண்டாவது பிரச்சினை கொடியின்ர வெளித்தோல். கொடியை மூடியிருக்கிற அம்னியன் மேலணி அப்பிடித்தான் ஓடு பதிச்ச மாதிரி வளரும், சீரம் ஊடகத்தில கனநாள் நிக்காது. நாளத்தின்ர உள்ளணிக் கலமும் கிட்டத்தட்ட அப்பிடித்தான் இருக்கும். ஆகவே கொடியை 2–3 செ.மீ. துண்டா வெட்டி, வாய் அகண்டு சுவர் மெல்லிசா இருக்கிற நாளத்துக்குள்ளால கத்தியை விட்டு நெடுக்க விரிச்சு, வெள்ளையாத் தடிச்சு விறைப்பா இருக்கிற இரண்டு நாடிகளையும் இடுக்கியால பிடிச்சு உருவி எடுங்கோ. நாளத்தின்ர உள்பக்கத்தைக் கத்தியின்ர முதுகால வழிச்சு விடுங்கோ. பிறகு ஜெலியை வெளித்தோலில இருந்து சுரண்டி எடுக்கலாம். சுரண்டேக்க தோல் ஓரத்தில ஒட்டியிருக்கிற ஜெலியை விட்டுவிடுங்கோ, பேராசைப்பட்டால் மேலணியும் சேர்ந்து வரும்.

ஊடகம் குறைஞ்ச குளுக்கோஸ் டிஎம்ஈஎம், லீற்றருக்கு 1 கிராம், அல்லது அல்பா எம்ஈஎம். கூடின குளுக்கோஸில இந்தக் கலம் வளராமல் விடாது, ஆனா வேகமாக் கிழடாகும்.

—

ஓமந்தை_நுண்ணுயிர்

கனகராயன் ஒட்டுவதைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் கலங்கலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு மூன்று நாளில் கலங்கினால் அது பற்றீரியா. பெரும்பாலும் கொடியோடு வந்தது. ஐந்து ஆறு நாளில் பஞ்சு வந்தால் அது பங்கசு. அது அநேகமாக உங்கள் அறையிலிருந்து அல்லது இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டிலிருந்து வந்தது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

முதலில் கொடி வரும் பாதை. வெறும் பிபிஎஸ் ஒரு மணித்தியாலப் பயணத்துக்குப் போதும், ஏ9 வீதியில் ஐந்து மணித்தியாலத்துக்குப் போதாது. குளுக்கோஸ் உள்ள ஹாங்க்ஸ் கரைசல் அல்லது சீரம் இல்லாத டிஎம்ஈஎம் பாவியுங்கள். அதில் பெனிசிலின் மி.லீ.க்கு 200 அலகு, ஸ்ரெப்ரோமைசின் 200 மைக்ரோகிராம், பங்கசுக்கு எதிரான அம்போரெரிசின்-பி 2.5 மைக்ரோகிராம் இருக்கட்டும். கொடி முழுதாக மூழ்க வேண்டும், 15 செ.மீ. கொடிக்கு 100 மி.லீ. போத்தல் சரி. இரண்டு முனையும் கவ்வி போட்டோ நூலால் கட்டியோ இருந்தால், பிறகு அல்ககோலில் தோய்க்கும்போது அது குழாய்களுக்குள் இறங்காது. அல்ககோல் 30 விநாடி, அதற்கு மேல் வேண்டாம். உடனே பிபிஎஸ்ஸில் கழுவுங்கள். அதன் பிறகு கட்டை வெட்டி, குழாய்க்குள் உறைந்த இரத்தத்தைப் பிதுக்கி வெளியேற்றி, கழுவிய நீர் நிறமில்லாமல் வரும் வரை கழுவுங்கள். நான்கு ஐந்து தடவை ஆகும். மிஞ்சும் இரத்தம் பற்றீரியாவுக்கு நல்ல சாப்பாடு.

ஐஸ் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கொடி 4 முதல் 8 பாகையில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. உறைந்த ஐஸ் பையோடு போத்தல் நேரே முட்டினால் அந்தப் பக்க இழையம் உறைந்து கலம் வெடிக்கும். தடுப்பூசி கொண்டுபோகும் குடும்பநல உத்தியோகத்தர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: ஐஸ் பொதியை வெளியே வைத்து வியர்க்க விட்டு, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகே பெட்டிக்குள் வைப்பார்கள். அதே முறைதான், இடையில் ஒரு துணி மடித்து வையுங்கள். இப்படி வந்த கொடியை 24 மணித்தியாலத்துக்குள் கத்தி வைக்கலாம், 12க்குள் என்றால் நல்லது. அவசரத்தில் இரவு 11 மணிக்கு வெட்டுவதை விட, அடுத்த நாள் காலை தெளிந்த தலையோடு வெட்டுவது மேல்.

இரண்டாவது தண்ணீர்த் தட்டு. கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கூடாது. இங்கத்தைய தண்ணீரின் வன்மையில் சில நாளிலேயே வெள்ளைப் படிவு படியும், அதன் அடியில் பங்கசு குடியிருக்கும், துடைத்தாலும் போகாது. காய்ச்சி வடித்த நீரை ஒட்டோகிளேவ் செய்து ஊற்றி, கிழமைக்கொரு தடவை தட்டையே ஒட்டோகிளேவ் செய்யுங்கள். ஒக்ரோபரில் மழை தொடங்கினால் மார்கழி முடியும் வரை கிழமைக்கு இரண்டு தடவை. கலவளர்ப்பு அறைக்குள் மட்டைப்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது, பிளாஸ்க் வந்த பெட்டி உட்பட. மழைக்காலத்தில் மட்டை ஈரத்தை இழுத்துப் பூஞ்சை வித்தைக் காற்றில் விடும். ஏசி வடியையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவதைக் கேட்காமல் விட முடியாது: நீங்கள் எந்தக் கபினெற்றில் வெட்டுகிறீர்கள்? இந்தப் பக்கம் ஆய்வுகூடங்களில் வாழை இழையவளர்ப்புக்கு வாங்கிய கிடையான காற்றோட்டக் கபினெற்றுகள் இருப்பதுண்டு. அதில் வடிகட்டிய காற்று துண்டைத் தாண்டி நேரே உங்கள் முகத்துக்கு வரும். வாழைக்குச் சரி, மனித இழையத்துக்கு ஒருபோதும் ஆகாது. வகுப்பு 2 உயிர்ப்பாதுகாப்புக் கபினெற் தேவை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்ஐவியும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சான்று தந்தது உண்மை. ஆனால் ஈரலழற்சி பி, சி இருக்கின்றன, எந்தப் பரிசோதனைக்கும் பிடிபடாத ஆரம்ப நாட்களும் இருக்கின்றன. ஒவ்வொரு கொடியையும் தொற்று உள்ளதாகவே எண்ணிக் கையாளுங்கள். கபினெற்றுக்குள் பன்சன் சுடர் கொளுத்தும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். சுடரின் சூடு காற்றோட்டத்தைக் குழப்பி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்.

பஞ்சு கண்ட பிளாஸ்கைத் திறக்காமல் அப்படியே ஒட்டோகிளேவில் போடுங்கள். அல்லது பிளீச் ஊற்றி, முடிவில் பத்தில் ஒரு பங்காகும்படி, அரை மணித்தியாலம் விடுங்கள். பிளீச் ஊற்றியதை ஒட்டோகிளேவில் வைக்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

கடைசியாக மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பற்றீரியா. ஊடகம் தெளிவாக இருக்கும், நுணுக்குக்காட்டியில் ஒன்றும் தெரியாது, ஆனால் கலம் மெதுவாகி நின்றுவிடும். அதற்குக் கலச்சுவர் இல்லாததால் பெனிசிலின் ஒன்றும் செய்யாது, 0.22 மைக்ரோன் வடியும் முழுதாகத் தடுக்காது. பிசிஆர் செய்ய வசதி இருந்தால் மாதம் ஒருக்கால் பாருங்கள். இல்லாவிட்டால் டிஎன்ஏயில் ஒட்டும் டாபி சாயமிட்டு ஒளிர்வு நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம்: கருவைத் தவிர கலத்தைச் சுற்றியும் சிறு புள்ளிகள் ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். முதல் பாஸேஜுக்கு (கலத்தைக் கழற்றிப் புதுத் தட்டில் விதைப்பது) பிறகு நுண்ணுயிரெதிரியை நிறுத்திவிடுவது என் பரிந்துரை. அதைத் தொடர்ந்து போட்டால் சிறிய தொற்று மறைந்தே வாழும்.

—

பாலைநிழல்

கனகராயன் அண்ணா, ஓமந்தை அக்கா, மிக்க நன்றி. கபினெற் விசயம் உடனே பாக்கவேண்டியது. கறண்ட் போறதும் ஊடகம் நிறம் மாறுறதும் பற்றி ஆருக்கும் தெரியுமோ? ஜெனரேற்றர் இருக்கு, ஆனா இன்குபேட்டருக்கு மட்டும்தான் இணைப்பு.

—

வாற்று_வோல்ற்று

இணைப்பு இன்குபேட்டருக்கு மட்டும் எண்டால் அதிலயே ஒரு பொறி இருக்கு. இன்குபேட்டர் சூடாக்கும், குளிராக்காது. அறை வெப்பநிலை உள்ளேயை விடக் குறைஞ்சது 5 பாகை கீழ இருந்தால்தான் அது 37இல நிக்கும். சித்திரை வைகாசியில பகல் கறண்ட் போய் ஏசி நிண்டால் அறை 33, 34க்கு ஏறும், உள்ளே 38, 39க்குப் போகும். கலம் 30 பாகையில சில மணித்தியாலம் சும்மா தூங்கும், பிறகு எழும்பும். 40 பாகையை மன்னிக்காது. ஆகவே பகலில ஏசியையும் ஜெனரேற்றரில போடுங்கோ. முடியாட்டில் இன்குபேட்டரை அறையின்ர வடக்குச் சுவர்ப்பக்கம், வெயில் படாத இடத்துக்கு மாத்துங்கோ.

நிறம்: ஊடகத்தில இருக்கிற பீனோல் சிவப்பு, காரம் கூடினால் கத்தரிப்பூ நிறமாகும். காபனீரொட்சைட்டு குறைஞ்சிட்டுது எண்டு அர்த்தம். கறண்ட் போனால் வாயு வால்வு மூடிக்கொள்ளும், யாரோ கதவைத் திறந்து பாத்திருந்தால் உள்ள இருந்த வாயுவும் போயிருக்கும். கறண்ட் இல்லாத நேரம் கதவைத் திறக்கக் கூடாது எண்டு ஒரு கடதாசி ஒட்டுங்கோ. இன்னொண்டு: வழக்கமான டிஎம்ஈஎம்மில லீற்றருக்கு 3.7 கிராம் சோடியம் பைகாபனேற்று இருக்கு, அது உண்மையில 10% வாயுவுக்குக் கணக்குப் பண்ணினது. 5%இல எப்பவும் கொஞ்சம் காரப் பக்கமே நிக்கும். அல்பா எம்ஈஎம்மில 2.2 கிராம், அது 5%க்குப் பொருத்தம். கறண்ட் நம்பேலாத இடத்தில ஊடகத்தில 20 மில்லிமோலர் ஹெப்பெஸ் (பீஎச்சை மாறவிடாமல் பிடிக்கிற பொருள்) சேருங்கோ. நீண்ட தடை வருமெண்டு தெரிஞ்சால் பிளாஸ்க் மூடியை இறுக்கி விடுங்கோ, உள்ள இருக்கிற வாயு தங்கும். வடி வைச்ச மூடி எண்டால் இந்த வித்தை சரிவராது.

பற்றறிக் கணக்கு: 12 வோல்ற்று 100 அம்பியர்-மணிப் பற்றறி 1200 வாற்று-மணி. ஈய அமிலப் பற்றறியில அரைவாசிதான் எடுக்கவேணும், அப்ப 600. சின்ன இன்குபேட்டர் சூடாகி நிலைக்கு வந்த பிறகு சராசரி 150 வாற்று இழுத்தால், இன்வேட்டர் இழப்புப் போக மூண்டரை மணித்தியாலம் கிடைக்கும். குளிர்ந்த நிலையில இருந்து தொடங்கேக்க அதைவிடப் பல மடங்கு இழுக்கும், ஆகவே இன்வேட்டரை இன்குபேட்டரின்ர பெயர்ப்பலகையில எழுதியிருக்கிற உச்ச வாற்றுக்குப் பாத்து வாங்குங்கோ.

சென்ரிபியூச்சில 1500 எண்டு வேகம் எழுதி வைக்கிற பழக்கத்தையும் விடுங்கோ. தேவையானது 300 ஜி, 5 நிமிடம். ஜி = 0.00001118 × ஆரை செ.மீ. × வேகத்தின்ர வர்க்கம். ஆரை 15 செ.மீ. எண்டால் நிமிடத்துக்கு 1340 சுற்று, 10 செ.மீ. எண்டால் 1640.

—

வீரைக்காடு

கொலாஜினேஸ் கேள்விக்கு ஒருவரும் வரவில்லை, ஆகவே நான்.

மி.லீ.க்கு 1 மி.கி. கொலாஜினேஸ் வகை 1, 37 பாகை, ஆட்டிக்கொண்டே மூன்று நான்கு மணித்தியாலம். பிறகு கரைசல் முட்டைவெள்ளை மாதிரி இழுபடும். ஜெலியின் ஹையலூரோனிக் அமிலம்தான் காரணம். அப்படியே சென்ரிபியூச்சில் வைத்தால் கலம் கீழே இறங்காது, ஐந்து மடங்கு பிபிஎஸ் ஊற்றிக் கலக்கி, 100 மைக்ரோன் சல்லடையால் வடித்து, அதன் பிறகே சுழற்ற வேண்டும். கலம் இரண்டு மூன்று நாளிலேயே ஒட்டும், அது உண்மை. ஆனால் நொதியத்தின் வலு தொகுதிக்குத் தொகுதி மாறும், நேரம் கூடினால் கலமும் சாகும், குளிர்ச்சங்கிலி உடைந்தால் காசும் போச்சு. கிளிநொச்சியில் இருந்துகொண்டு அதற்கு மாறச் சொல்ல மாட்டேன். துண்டு முறை ஒரு கிழமை பிந்தும், அவ்வளவுதான்.

கனகராயனோடு ஒரு விசயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஜெலியைச் சுரண்டி எடுப்பது கை பழகாதவர்களுக்கு வீண் வேலை, நேரம் போகும், இழையம் காயும். நாடி நாளத்தை எடுத்த பின் தோலோடேயே வெட்டி, ஜெலிப்பக்கம் தரையைப் பார்க்க வையுங்கள். மேலணி கொஞ்சம் வந்தாலும் முதல் பாஸேஜில் பிரித்துவிடலாம்: திரிப்சின் ஊற்றினால் நீட்டுக் கலங்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் கழன்று மிதக்கும், ஓட்டுக் கலங்கள் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். மிதக்கிறதை மட்டும் எடுத்தால் காணும்.

அந்தப் பாஸேஜ்: தரை 70–80% மூடியதும், சீரத்தின் மிச்சம் திரிப்சினை முடக்காதபடி பிபிஎஸ்ஸில் இரண்டு தடவை கழுவி, ரி25க்கு 1 மி.லீ. 0.25% திரிப்சின்-ஈடிடிஏ. 37 பாகையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு மடங்கு சீர ஊடகம் ஊற்றி நிறுத்தி, சுழற்றி, எண்ணி, ஒரு சதுர செ.மீ.க்கு 4000 கலம் வீதம் விதையுங்கள். ரி25க்கு ஒரு இலட்சம், ரி75க்கு மூன்று இலட்சம். 100% மூட விட்டால் கலம் மடிப்பு மடிப்பாக உரியும், பிறகு தனித்தனியாகப் பிரியாது. ஐந்தாறு பாஸேஜுக்கு மேல் போன கலத்தில் எந்தப் பரிசோதனையும் செய்ய வேண்டாம். கலம் அகண்டு தட்டையாகி, நார் நாராகத் தெரிந்தால் அது கிழட்டுக் கலம்.

கன்றுச் சீரத்துக்கு மாற்று மனிதக் குருதிச் சிறுதட்டுச் சாறு. காலாவதியான சிறுதட்டுப் பைகளைத் தேசிய குருதி மாற்றுச் சேவையின் அனுமதியோடு குருதி வங்கியில் கேட்டுப் பாருங்கள், ஐந்து நாள் ஆயுள் முடிந்ததும் அவை எறிகிறதுதான். –80 பாகையில் உறைய வைத்து 37இல் உருக்குவதை மூன்று தடவை செய்து, 3000 ஜியில் அரை மணித்தியாலம் சுழற்றி, மேல்நீரை 0.45, பிறகு 0.22 மைக்ரோனால் வடியுங்கள். ஒரே ஆளின் பையில் செய்யாதீர்கள், பல பேருடையதைக் கலந்தால்தான் தொகுதிக்குத் தொகுதி வித்தியாசம் குறையும். ஊடகத்தில் 5 முதல் 10%. சாற்றைச் சேர்க்க முதல் மி.லீ.க்கு 2 அலகு ஹெப்பாரின் கலக்க வேண்டும். மறந்தால் ஊடகத்தின் கல்சியம் பட்டுப் பிளாஸ்க் முழுக்கக் களியாகும்.

நச்சுக்கொடியில் இருந்தும் எடுக்கலாமென்று சிலர் சொல்லுவார்கள். எடுக்கலாம், ஆனால் தாயின் பக்கமுள்ள டெசிடுவா என்ற கருப்பை உட்படலத்தில் இருந்து தாயின் கலமே வளர்ந்து பிள்ளையின் கலத்தை மூடிவிடும். ஆண் பிள்ளையின் நச்சுக்கொடியில் வளர்த்த கலத்தில் வை நிறமூர்த்தம் இருக்கிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். கொடியில் இந்தத் தொல்லை இல்லை.

கை பழக மனிதக் கொடியை வீணாக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வன்னியில் பசு கன்று போடாத கிழமை இல்லை. இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட முதல், தாயின் பக்கம் தொங்கும் கொடியில் ஒரு சாண் கேட்டு வாங்குங்கள். கன்றின் தொப்புளைத் தொடாதீர்கள். அதில் நாளமும் இரண்டு, நாடியும் இரண்டு, குழம்ப வேண்டாம். கருச்சிதைவான மாட்டின் கொடியை மட்டும் கிட்டவும் கொண்டுவராதீர்கள், புரூசெல்லா பற்றீரியா மனிதருக்கும் தொற்றும். தொழுவத்துக் கொடி அசுத்தம், கழுவுதல் இரட்டிப்பாக வேண்டும். அதில் தொற்றில்லாமல் வளர்க்கப் பழகியவருக்குச் சிசேரியன் கொடி விளையாட்டு. மனிதப் பிறபொருளெதிரிகள் பல மாட்டுக் கலத்தில் ஒட்டா, ஆகவே அடையாளச் சோதனைக்கு அது உதவாது.

அடையாளத்துக்கு: 2006 இல் சர்வதேச கலச் சிகிச்சைச் சங்கம் வைத்த அளவுகோல்தான் எல்லாரும் கேட்பது. பிளாஸ்திக்கில் ஒட்ட வேண்டும். கல மேற்பரப்பு அடையாளங்களில் சிடி105, சிடி73, சிடி90 மூன்றும் 95% கலங்களிலாவது இருக்க வேண்டும். சிடி45, சிடி34, சிடி14 அல்லது 11பி, சிடி79ஏ அல்லது 19, எச்எல்ஏ-டிஆர் ஆகியவை 2%க்கு மேல் இருக்கக் கூடாது. எலும்பு, கொழுப்பு, கசியிழையம் மூன்றாகவும் மாற வேண்டும். பாயக் கலமானி இல்லாவிட்டால் மாற்றச் சோதனையைச் செய்து வைத்துக்கொண்டு, கலத்தை உறைய வைத்து வசதி உள்ள இடத்துக்கு அனுப்பலாம். எலும்புக்கு டெக்சாமெதசோன் 100 நனோமோலர், அஸ்கோபிக் அமிலம் மி.லீ.க்கு 50 மைக்ரோகிராம், பீற்றா-கிளிசரோபொஸ்பேற்று 10 மில்லிமோலர், மூன்று கிழமை, பிறகு கல்சியத்தைக் காட்டும் அலிசரின் சிவப்புச் சாயம். கொழுப்புக்கு டெக்சாமெதசோன் 1 மைக்ரோமோலர், ஐபிஎம்எக்ஸ் 0.5 மில்லிமோலர், இன்சுலின் மி.லீ.க்கு 10 மைக்ரோகிராம், இண்டோமெதசின் 200 மைக்ரோமோலர், பிறகு கொழுப்பைக் காட்டும் ஒயில் ரெட் ஓ சாயம். கொடிக் கலம் எலும்பு மச்சைக் கலத்தைப் போலக் கொழுப்பாக மாறாது, சிறுசிறு துளிகள்தான் வரும். அதைப் பார்த்துத் தோல்வி என்று எறியாதீர்கள். கசியிழையத்துக்கு இரண்டரை இலட்சம் கலத்தைக் குழாயடியில் உருண்டையாக்கி, சீரம் இல்லாத ஊடகத்தில் ரிஜிஎஃப்-பீற்றா3 மி.லீ.க்கு 10 நனோகிராம்.

உறைய வைப்பது: மி.லீ.க்கு பத்து இலட்சம் கலம், 90% சீரம், 10% டிஎம்எஸ்ஓ (உறைவில் கலத்தைக் காக்கும் திரவம்). நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் குளிர வேண்டும். ஐசோபுரோபனோல் பெட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தடித்த ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து –80இல் ஓர் இரவு. அதற்கு மேல் –80ஐ நம்பாதீர்கள், இந்தக் கறண்டுக்கு முடியவே முடியாது. திரவ நைதரசன்தான் வழி. செயற்கைச் சினைப்படுத்தலுக்கு உறைவிந்து வைக்கும் கலன் எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுப் பழகுங்கள், இந்தப் பக்கத்தில் அவர்களுக்குத்தான் அந்தக் கை உண்டு. கலனின் மூடியை ஒருபோதும் இறுக்கக் கூடாது. வாகனத்தில் கொண்டுவரும்போது யன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும், ஆவியாகும் நைதரசன் ஒக்சிசனைத் தள்ளிவிடும், மணமும் தெரியாது. குப்பியைத் திரவத்துக்குள் அமிழ்த்தாமல் ஆவிப்பகுதியில் வையுங்கள். உள்ளே திரவம் புகுந்த குப்பி உருகும்போது வெடிக்கும்.

—

அடம்பன்

இடையில ஒரு கேள்வி. இப்பிடி வளர்த்த கலத்தை முழங்கால் தேய்ஞ்ச ஆக்களுக்கு ஊசியாப் போடலாமோ? வெளிநாட்டில போடுறாங்களாம் எண்டு கதைக்கினம்.

—

ஓமந்தை_நுண்ணுயிர்

இல்லை. ஆய்வுகூடத்தில் வளர்த்தது ஆய்வுக்கு மட்டும். கன்றுச் சீரத்தின் புரதம் கலத்தில் ஒட்டியிருக்கும், உடம்பு அதை எதிர்க்கும். பற்றீரியா செத்தாலும் அதன் நச்சு மிஞ்சும். நாளத்தில் ஏற்றினால் கலம் கட்டியாகி நுரையீரலின் நுண்குழாய்களில் அடைக்கலாம். மனிதருக்குப் போடும் கலம் மருந்து தயாரிக்கும் தரத்திலான அறையில், ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனையோடு, அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே வர வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஊசி போடுகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் அந்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள், கதை அத்தோடு முடிந்துவிடும்.

—

பாலைநிழல்

எல்லாருக்கும் நன்றி. வீரைக்காடு சொன்ன பசுக்கொடியில இருந்தே தொடங்குறம். அலிசரின் சிவப்பு பற்றி ஒண்டு: மாற்ற ஊடகம் போடாத ஒப்பீட்டுக் குழியும் சிவக்குது எண்டால் என்ன பிழை?

—

வீரைக்காடு

மூன்று இடம் பாருங்கள். சாயத்தின் பீஎச் 4.1–4.3க்குள் இருக்க வேண்டும், ஏறினால் எல்லாத்திலும் படியும். கரைக்கும்போது பீஎச் குறைவாக இருந்தால் அமோனியம் ஐதரொட்சைட்டை ஒவ்வொரு துளியாக விட்டு அந்த அளவுக்கு ஏற்றி, 0.45 மைக்ரோனால் வடித்துவிட்டுப் பாவியுங்கள். கலத்தை 4% பராபோர்மல்டிகைட்டில் 15 நிமிடம் நிலைப்படுத்திய பின், பிபிஎஸ்ஸால் அல்ல, காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள். குழாய்த் தண்ணீரால் கழுவியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். அலிசரின் பிடிப்பது கல்சியத்தை, உங்கள் ஊர்த் தண்ணீரில் அதற்கா பஞ்சம். சாயம் 20 நிமிடம், பிறகு நிறம் வழியாமல் நிற்கும் வரை வடித்த நீரால் நாலைந்து தடவை. இவ்வளவுக்குப் பிறகும் ஒப்பீட்டுக் குழி சிவந்தால் கலம் 100% மூடி மடிந்து கிடக்கிறதா என்று பாருங்கள், மடிப்புக்குள் சாயம் சிக்கியிருக்கும்.